ரெஃபரல் குழு: 24 பேர் இருந்தும் தொழில் நகரவில்லை, எங்கே சரி செய்வது?

அட்டைப்பெட்டி கரூர் (கேள்வி)

வணக்கங்க. கரூரில் 24 பேர் இருக்கிற ரெஃபரல் குழு எங்களுடையது. தனக்குத் தெரிந்த வாடிக்கையாளரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வேலை வாங்கிக் கொடுப்பதுதான் குழுவின் நோக்கம். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். புதன்கிழமை காலை 7 மணிக்கு ஓட்டல் ஹாலில் டிபனோடு கூட்டம். ஆரம்பித்துப் பத்து மாதம். முதல் மூன்று மாதம் நல்ல வேகம். இப்போது நிலைமை இதுதான்:

வருகை 15 பேரைத் தாண்டுவதில்லை. ஆனால் ஓட்டலுக்கு 24 தட்டுக்குப் பணம் கட்டுகிறோம். வாரம் 20 ரெஃபரல் சீட்டு (இன்னாருக்கு இந்த வேலை தேவை என்று எழுதிக் கொடுப்பது) கைமாறுகிறது. மாதக் கடைசியில் விசாரித்தால் இரண்டோ மூன்றோதான் பில் ஆகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கமும் ஃபார்வர்டும்தான் ஓடுகிறது. மாடுலர் கிச்சன் யாருடைய வேலை என்று இன்டீரியர்காரரும் அலுமினியம் பேப்ரிகேஷன்காரரும் முறைத்துக்கொள்கிறார்கள். இதற்கு நடுவில் ஒரு உறுப்பினர், குழு வழியாக வந்த வாடிக்கையாளரிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலையை இழுத்தடிக்கிறார். அனுப்பி வைத்தவர் அந்த வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறார்.

ரெஃபரல் கொடுத்தவருக்கு 5 சதவீதம் கமிஷன் வைத்தால் எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவார்கள் என்கிறது ஒரு தரப்பு. 15 நாளுக்கு ஒருமுறை கூடினால் போதும் என்கிறது இன்னொரு தரப்பு. எதை முதலில் பிடிப்பது?

---

புதன் செயலாளர்

சீட்டைப் பிடியுங்க. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

வாரம் 20 என்றால் மாதம் 80 சீட்டு. அதில் மூன்று பில் என்றால், சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் வெறும் போன் நம்பர். "இவர்கிட்ட பேசிப் பாருங்க" என்று நம்பர் தருவது லீட். ரெஃபரல் என்றால் அந்த வாடிக்கையாளர் உங்கள் போனை எதிர்பார்த்து இருக்க வேண்டும். சீட்டு எழுதுகிறவர் மூன்று கேள்விக்குப் பதில் வைத்திருக்கணும்: வேலை உண்மையிலேயே இருக்கிறதா, எப்போதைக்கு வேண்டும், இன்னார் கூப்பிடுவார் என்று சொல்லியாச்சா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால் அன்று சீட்டு எழுத வேண்டாம். பேசிவிட்டு அடுத்த புதன் எழுதட்டும். முதல் மாதம் சீட்டு 20லிருந்து ஆறு, ஏழுக்கு இறங்கும். பயப்படாதீங்க, அதுதான் உங்கள் குழுவின் உண்மைக் கணக்கு.

அறிமுகம் செய்ய மூவர் வாட்ஸ்அப்பே போதும். இப்படி இரண்டு வரி: "சார், நேற்று சொன்ன பெட்டிக்காரர் இவர்தான். உங்களுக்கு மாதாமாதம் 5 ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி தேவைப்படுவதைச் சொல்லியிருக்கிறேன். நாளை 11 மணிக்கு மேல் கூப்பிடுவார்." இதைப் போட்டுவிட்டால் யார் முதலில் கூப்பிடுவது என்ற குழப்பமே வராது.

அடுத்து, கேட்கிற விதம். கூட்டத்தில் தன் தொழிலைச் சொல்லி ரெஃபரல் கேட்க ஆளுக்குக் கிடைக்கும் 45 விநாடியில் எல்லோரும் "எல்லா வகை வேலையும் செய்கிறோம், யாருக்காவது வேணும்னா சொல்லுங்க" என்று முடித்தால், கேட்கிற 23 பேர் மனதில் ஒரு முகமும் வராது. உங்கள் அட்டைப்பெட்டித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பெட்டி ஆர்டரை முதலாளி நேரடியாகப் பார்ப்பது குறைவு. பேக்கிங் பிரிவு மேனேஜரோ மெர்ச்சண்டைசரோதான் (ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்கிறவர்) ஆள். அதனால் இப்படிக் கேளுங்கள்: "இந்த வாரம் எனக்கு வேண்டியது, வெங்கமேடு பக்கம் மேசைவிரிப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு யூனிட்டின் பேக்கிங் மேனேஜர். 'ஷிப்மென்ட் தேதி வந்துடுச்சு, பெட்டி இன்னும் வரல' என்று அவர் புலம்புவது காதில் விழுந்தால் அங்கேயே என் பெயரைச் சொல்லுங்கள்." ஆள், இடம், காதில் விழ வேண்டிய வாக்கியம் மூன்றும் இதில் இருக்கிறது. ஜெனரேட்டர் சர்வீஸ்காரர் அந்த யூனிட்டுக்குள் போகும்போது இந்த வாக்கியம் நினைவுக்கு வரும். "எல்லா வகைப் பெட்டியும்" நினைவுக்கு வராது. ஒரே கோரிக்கையை நான்கு வாரம் தொடர்ந்து கேட்டாலும் தவறில்லை.

பதிவேட்டுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். தேதி, கொடுத்தவர், வாங்கியவர், வேலை விவரம், நிலை, தொகை, போயிருந்தால் ஏன் போனது. வாடிக்கையாளர் போன் நம்பரை அதில் ஏற்றாதீர்கள். 24 பேர் கையில் நம்பர் போனால் நாளைக்கே அவருக்கு மூன்று பேர் இன்சூரன்ஸ் கேட்டுக் கூப்பிடுவார்கள், கொடுத்தவர் பெயர்தான் கெடும். வாங்கியவர் 24 மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும். ஏழு நாளுக்குள் என்ன ஆனது என்று கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். சீட்டு கொடுப்பது நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. "கொடுத்தேன், என்ன ஆச்சுன்னே சொல்லல" என்று ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அவரிடமிருந்து அடுத்தது வராது.

தொகைப் பத்தியில் கையில் வந்த பணத்தை மட்டும், ஜி.எஸ்.டி. சேர்க்காமல் எழுதச் சொல்லுங்கள். கொட்டேஷன் தொகையையும் பழைய வாடிக்கையாளரின் மறு ஆர்டரையும் சேர்த்தால் மேடையில் லட்சம் லட்சமாகத் தெரியும், பையில் இருக்காது.

கூட்டத்தில் டிபனைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 7.00 காபி, 7.15க்குக் கதவு சாத்தியாக வேண்டும். ஆளுக்கு 45 விநாடி, 24 பேருக்கு 18 நிமிடம். எழுந்து உட்காரும் நேரம் சேர்த்து 25 என்று வையுங்கள். ஒரு உறுப்பினரின் விரிவான பேச்சுக்கு 10, கேள்விக்கு 5, சீட்டு பரிமாற்றத்துக்கு 15, விருந்தினர் அறிமுகத்துக்கு 5. எட்டே காலுக்குள் முடிந்துவிடும். பிறகு இலை போடட்டும். தட்டுச் சத்தத்துக்கு நடுவே யார் பேசுவதும் கேட்காது என்பது ஒன்று, சாப்பிடும் நேரத்தில்தான் "நீங்க சொன்னது அந்த யூனிட்டா?" என்ற பேச்சே வரும் என்பது இன்னொன்று.

---

கணக்கு மேசை

கமிஷன் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

2 லட்ச ரூபாய் கிச்சனுக்கு 5 சதவீதம் என்றால் 10,000. அந்தப் பத்தாயிரம் கொட்டேஷனில்தான் ஏறும். வாடிக்கையாளர் வெளியில் விலை விசாரித்தால் தெரிந்துவிடும். நம்பி அனுப்பியவரும் வேலை செய்தவரும் சேர்ந்தே பெயர் இழப்பார்கள். வரிப் பக்கமும் சும்மா இல்லை. கமிஷன் கொடுப்பவர் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே வரி பிடிப்பது) பிடிக்க வேண்டி வரலாம், 2024 அக்டோபர் 1 முதல் அது 2 சதவீதம், ஆண்டு வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 20,000 ரூபாய். வாங்குகிறவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் போட்டு பில் தர வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தன் கமிஷனைப் பாலிசி எடுப்பவருக்கு விட்டுக்கொடுக்க 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை போடுகிறது. உறுப்பினரே பாலிசி எடுக்கும்போது "ரெஃபரல் பங்கு" என்று திருப்பிக் கொடுத்தால் அங்கே வந்து நிற்பீர்கள்.

சி.ஏ., வக்கீல் இருவரையும் எழுந்து நின்று "எனக்கு வேலை கொடுங்க" என்று கேட்க வைக்காதீர்கள். வேலை தேடிக் கேட்பது அவர்களின் தொழில் ஒழுங்கு விதிக்கே எதிரானது. சேர்க்கும் முன் அவர்களையே விதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி தட்டுக் கணக்கு. வாசலில் வாராவாரம் வசூலிப்பதை நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு 13 புதன். ஆளுக்கு 2,400 ரூபாய் முன்பணம் என்றால் 57,600. ஓட்டலில் 22 தட்டுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்து, தட்டு 150 என்று வைத்தால் வாரம் 3,300. 13 வாரத்துக்கு 42,900. மீதி 14,700இல் மைக், பேனர், அச்சு வேலை அடங்கும். கூடுதல் தட்டு வேண்டுமா என்பதை முந்தின நாள் மாலை 6 மணிக்குள் ஓட்டலுக்குச் சொல்லும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். முன்பணம் கட்டியவர் வராமல் போவதும் குறையும். கட்டிய காசு இழுக்கும்.

பணம் யார் கணக்கில் போகிறது என்று பாருங்கள். பொருளாளரின் சொந்த யு.பி.ஐ.யில் வாங்கினால் அவருடைய வியாபார வரவோடு கலந்து, பின்னாளில் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துகொள்ளலாம். குறைந்தது ஏழு பேர், துணை விதிகள், அலுவலக முகவரி வேண்டும். பதிந்த பிறகு சங்கத்தின் பெயரில் பான், அதை வைத்து வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். உங்கள் வரவு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டாது, சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 20 லட்சம், ஆகவே அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. பதிந்தால் ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் இரண்டையும் விடாமல் செய்யணும். செய்ய ஆள் இல்லையென்றால் பதியும் முன் யோசியுங்கள்.

---

சைட் இன்ஜினியர்

அந்த 40,000 விஷயத்தை இன்றைக்கே எடுங்கள். 23 பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முறை இப்படி இருக்கட்டும். அனுப்பியவரிடம் எழுத்தில் புகார் வாங்குங்கள்: தேதி, தொகை, சொன்ன கெடு, முடிந்த வேலை. சம்பந்தமில்லாத மூன்று பேர் குழு. உறுப்பினருக்கு ஏழு நாள். வேலையை முடிக்கும் தேதியை எழுதித் தர வேண்டும், அல்லது செய்த வேலைக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். அதுவரை அவருக்குச் சீட்டு போகக்கூடாது. கெடு தாண்டினால் இடம் காலி. வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை இதைப் பற்றி வரக்கூடாது. குழுப் பணத்திலிருந்து வாடிக்கையாளருக்கு ஈடு கட்டவும் கூடாது. ஒருமுறை கட்டினால் எல்லா வேலைக்கும் குழு ஜாமீன் என்று ஆகிவிடும். குழு அறிமுகம் மட்டுமே செய்கிறது, ஒப்பந்தம் அவர்கள் இருவருக்குள்தான் என்ற வரி துணை விதியில் இருக்க வேண்டும்.

இனிமேல் வராமல் இருக்க ஒரே ஏற்பாடு: குழு வழியாக வரும் எந்த வேலைக்கும் எழுத்தில் கொட்டேஷன், கட்டம் கட்டமாகப் பணம். கிச்சன் என்றால் அளவெடுத்து வரைபடம் ஒப்புக்கொண்டதும் ஒரு பகுதி, பலகை சைட்டில் இறங்கியதும் ஒரு பகுதி, பொருத்தி முடித்து இழுப்பறை எல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு கடைசிப் பகுதி. பொருள் இறங்கும் முன் பெரிய தொகை கைமாறுவதுதான் இந்த மாதிரிப் பிரச்சினைகளின் வேர்.

கிச்சன் சண்டைக்கு வருவோம். விண்ணப்பப் படிவத்தில் "இன்டீரியர்" என்று ஒரே சொல்லாக எழுத விட்டதுதான் தவறு. கடந்த ஆண்டு பில்லில் பாதிக்கு மேல் எந்த வேலையில் வந்தது, அதுவே அவர் இடம். இன்டீரியர்காரருக்குப் பிளைவுட் கிச்சன், அலமாரி. பேப்ரிகேஷன்காரருக்கு ஜன்னல், பார்ட்டிஷன், அலுமினியம் கிச்சன் என்று பொருளை வைத்துப் பிரிக்க முடியும். வாடிக்கையாளர் எது என்று முடிவு செய்யவில்லை என்றால் இரண்டு பேரையும் அறிமுகப்படுத்திவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற வழக்கத்தை 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரியும் ஆரம்பத்தில் வைத்திருந்தது. சேவை முதன்மையான பிறகு அவர்களால் அதைத் தளர்த்த முடிந்தது; ரெஃபரலே முழு வேலையான குழு தளர்த்தினால் பேச்சு அடங்கிவிடும்.

இன்னொன்று யாரும் கேட்கவில்லை: வாடிக்கையாளரை முதலில் பார்ப்பவர் உங்கள் குழுவில் யார்? வீடு கட்டுகிறவரை முதலில் பார்ப்பது பிளான் போடும் இன்ஜினியர். அவர் இல்லாமல் டைல்ஸ், பெயின்ட், சி.சி.டி.வி., சோலார் நான்கு பேரும் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு டிபன் சாப்பிடுவார்கள். கல்யாணப் பக்கத்தில் மண்டபம். எக்ஸ்போர்ட் பக்கத்தில் மெர்ச்சண்டைசர்களோடு தினம் பேசுகிற லேபிள் அச்சகம், கிளியரிங் ஏஜென்ட் (சுங்க வேலை பார்ப்பவர்). காலியிடப் பட்டியல் எழுதும்போது இவர்கள் பெயரை மேலே போடுங்கள். 24ஐ 40 ஆக்க அவசரப்பட வேண்டாம்.

உறுப்பினர்கள் இருவர் இருவராகத் தனியே சந்தித்துத் தொழிலைத் தெரிந்துகொள்வதை டீக்கடையில் வைக்காமல் அவரவர் கடையிலோ பட்டறையிலோ வையுங்கள். 40 நிமிடம் போதும். கடைசி ஐந்து பில் யாருக்குப் போட்டது, அவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். எடுக்கிற மிகச்சிறிய வேலை எது, எடுக்காத வேலை எது என்றும் கேட்டு வையுங்கள். எடுக்காத வேலை தெரியாததால்தான் பாதிச் சீட்டு வீணாகிறது.

---

அட்டைப்பெட்டி கரூர்

ரொம்ப நன்றிங்க மூன்று பேருக்கும். புகார் விஷயத்தை இந்த வாரமே எடுக்கிறோம். 15 நாளுக்கு ஒருமுறை என்பதற்கும், வராதவர்களுக்கும் என்ன செய்யலாம்? கடுமையாகப் பேசினால் விலகிவிடுவார்களோ என்று தயக்கம்.

---

புதன் செயலாளர்

வாரம் ஒருமுறையே வையுங்க. 15 நாள் ஆக்கினால் ஒரு கூட்டம் தவறினாலே அவரைப் பார்த்து ஒரு மாதம் ஆகிவிடும். முகம் பார்த்து ஒரு மாதம் ஆனவரை நம்பித் தன் வாடிக்கையாளரை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

வருகைக்கு 13 புதனில் மூன்று விடுப்பு. அதற்கு மேல் என்றால் தன் ஊழியரையோ வீட்டில் ஒருவரையோ அனுப்பலாம். அப்படி வந்தவர் 45 விநாடியைப் பேசி, சீட்டும் வாங்கிப் போக வேண்டும். ஆளும் அனுப்பாமல் நான்காவது முறை என்றால் அவர் தொழிலுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று விதி. ஆடி, மார்கழியில் கல்யாணத் தொழில்காரர்களுக்கு நேரம் இருக்கும், தை பிறந்தால் இருக்காது. விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். விதியை அடுத்த காலாண்டு முன்பணம் வாங்கும் அன்று எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், நடுவில் கொண்டுவர வேண்டாம். விலகுகிறவர் அன்றைக்கே விலகட்டும்.

வாட்ஸ்அப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் எழுதுவார்கள். இன்னொன்றில் "தேவை" என்று தொடங்கும் செய்தி மட்டும்: என்ன வேலை, எந்த ஊர், எப்போதைக்கு. பதில் தனிச்செய்தியில். காலை வணக்கம் போடுகிறவருக்கு நிர்வாகி தனியாக ஒருமுறை சொன்னால் போதும், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாங்க.