‘நிறைபடி’ சரிவருமா? பெட்டியும் கையேடும் சேர்ந்த கேசட்டுக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நான் தொடங்கிய இழை பாதியிலேயே வேறு பக்கம் போய்விட்டது. நான் கேட்டது ஒன்று, பேச்சு ஓடியது ‘வீடியோ கேமுக்குத் தமிழ் என்ன’ என்று. நிகழ்பட ஆட்டம் என்று ஒரு சாரார், காணொளி விளையாட்டு என்று இன்னொரு சாரார். அந்தச் சண்டை நடக்கட்டும், எனக்கு அது இப்போது வேண்டாம். எனக்கு வேண்டியது, கேசட்டோ சிடியோ பெட்டியும் கையேடும் குறையாமல் இருப்பதைக் குறிக்க ஒரே ஒரு சொல். அதை மறுபடி கேட்கிறேன், இந்த முறை கதையோடு.

கூத்தாநல்லூரில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். அவர் வீட்டில் பாதிப் பேர் சிங்கப்பூர், மீதிப் பேர் துபாய். வருகிறவர் ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வந்ததில், பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய வீடியோ கேம் சேர்ந்துவிட்டது. அடியில் 90-களின் டிவி கேம் கேசட்டுகள், அதற்கு மேல் பிளேஸ்டேஷன் சிடிக்கள், மேலாக எந்த இயந்திரத்துக்கு என்றே தெரியாத வயர்கள். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி ஒரு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதும்தான் ‘என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலாவது போட்டு வைப்போம்’ என்று ஆரம்பித்தோம்.

முதலில் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு தாள். பெயர், இயந்திரம், வெளியீட்டாளர், ஆண்டு, யார் கொண்டுவந்தது. இரண்டே நாளில் ‘வட்டாரம்’ என்று ஒரு பத்தி (நெடுக்கு வரிசை) சேர்க்க வேண்டியதாயிற்று. பிளேஸ்டேஷன் 2-க்கு சிங்கப்பூர் ஜப்பான் வட்டாரத்தோடு சேர்ந்தது, துபாய் ஐரோப்பாவைப் போல ‘பால்’ (PAL) என்ற டிவி முறையின் வட்டாரம், அதனால் அண்ணன் வாங்கி வந்தது தம்பியின் இயந்திரத்தில் ஓடாது. சிடியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்: எஸ்.எல்.இ.எஸ். என்று தொடங்கினால் ஐரோப்பா, எஸ்.எல்.யு.எஸ். என்றால் அமெரிக்கா, எஸ்.எல்.பி.எம். என்றால் ஜப்பான் பக்கம். அட்டைப்படத்தை நம்பாதீர்கள், பெட்டி ஒன்றும் உள்ளே சிடி வேறொன்றுமாகப் பல இருந்தன.

தாளில் படம் ஒட்டுவது தொல்லையாக இருந்ததால் டெல்லிகோவுக்கு மாறினோம். கட்டற்ற மென்பொருள், வீடியோ கேம் தொகுப்புக்கென்றே அதில் ஒரு வகை உண்டு, நமக்கு வேண்டிய பத்திகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம், யாருக்கு இரவல் கொடுத்தோம் என்றும் குறித்து வைக்கலாம். (‘இரவல்’ எவ்வளவு நல்ல சொல் பாருங்கள், யாரும் ஆக்கத் தேவையில்லாமல் தயாராகக் கிடக்கிறது.) புதிய பெட்டிகளுக்கு பார்கோடு இருந்ததால் செல்போனில் எண்ணை எடுத்து மோபிகேம்ஸ் என்ற வீடியோ கேம் தகவல் தளத்தில் தேடிச் சரிபார்த்தோம், வேலை வேகமாக நடந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: பார்கோடு அந்த வெளியீட்டுக்கு உரியது, உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பெட்டிக்கு உரியதல்ல. ஒரே விளையாட்டை இரண்டு மாமாக்கள் வாங்கி வந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே பார்கோடுதான். நூலகத்தில் புத்தகத்துக்கு உள்ளே முத்திரை குத்தி ஒரு தனி எண் போடுவார்களே, அதுபோல நாமே ஒரு எண் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

சரி, இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன்.

‘முழுமை’ என்று ஒரு பத்தி வைத்தேன். கேசட் அல்லது சிடி, அது வந்த பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் நான் நினைத்தது. சேகரிப்பவர்களுக்கு இது உயிர்நாடி. பிரைஸ்சார்ட்டிங் போன்ற தளங்களில் ஒரே விளையாட்டுக்கு லூஸ் (வெறும் கேசட்), கம்ப்ளீட் (பெட்டி, கையேட்டோடு), நியூ (பிரிக்காதது) என்று மூன்று விலை போட்டிருப்பார்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கும். நான் ஊர் திரும்பிய பிறகு கூட்டாளியின் மகன் மிச்சத்தைப் பதிந்தான். அவன் ‘முழுமை’ என்பதை, கடைசிக் கட்டம் வரை விளையாடி முடித்தது என்று எடுத்துக்கொண்டான். பட்டியலில் பார்த்தால் ஒட்டுச்சீட்டுகூட இல்லாத, கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் மொட்டைக் கேசட்டுக்கு ‘முழுமை’ என்று டிக் அடித்திருக்கிறது. ஏன்டா என்றால், ‘முப்பது உயிர் கோடு போட்டு முடிச்சிட்டேன்ல மாமா’ என்கிறான். (கோடு என்றால் கூடுதல் உயிர் கிடைக்க அழுத்துகிற ரகசியப் பொத்தான் வரிசை.) அவன் மேல் தப்பில்லை. சேகரிப்பவர்களுக்குக் கம்ப்ளீட் ஒன்று, விளையாடி முடித்ததற்கு மென்பொருளில் கம்ப்ளீட்டட் ஒன்று. இரண்டையும் ‘முழுமை’, ‘நிறைவு’ என்று மாற்றி மாற்றிப் போட்டால் இந்தக் கூத்துதான் நடக்கும்.

விளையாடி முடித்ததற்கு ‘ஆடி முடித்தது’ போதும், அதில் எனக்குக் குழப்பமில்லை. மற்றதற்குத்தான் சொல் வேண்டும். இதுவரை வந்தவை:

‘முழுமையுறு பெட்டகத் தொகுதி’ என்று ஒருவர். மன்னிக்க வேண்டும், இதைப் பத்தித் தலைப்பில் வைத்தால் திரையில் வேறு எதற்கும் இடமிருக்காது. ‘முழுசெட்டு’ பேச்சில் சரி, ஆனால் இயந்திரம், ரிமோட், துப்பாக்கி எல்லாம் சேர்ந்ததையும் செட்டு என்றுதான் சொல்கிறோம். ‘முழுநகல்’ வேண்டவே வேண்டாம். கேம் விஷயத்தில் நகல் என்றால் நம் காதில் திருட்டு விசிடி என்றுதான் விழும், அந்தச் சொல்லைக் கள்ளக் கேசட்டுகளுக்கே விட்டுவிடலாம்.

என் யோசனை: நிறைபடி.

ஏட்டின் பிரதிக்குப் ‘படி’ என்று பழைய சொல் உண்டு. நம் பக்கத்தில் படி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நெல் அளக்கிற படி. கல்யாணத்திலும் கிரகப்பிரவேசத்திலும் விளக்குப் பக்கத்தில் நெல்லை நிரப்பி வைப்போமே, அதுவும் நிறைபடிதான். ஒன்றும் குறையாமல் விளிம்பு வரை இருக்கிறது என்ற பொருள் ஊரில் எல்லாருக்கும் புரியும். பெட்டி, கையேடு ஏதாவது இல்லையென்றால் குறைபடி. வெறும் கேசட் மட்டும் என்றால் மொட்டை. மொட்டைக் கடிதம், மொட்டை மாடி மாதிரி இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேசட்டை ‘ஆட்டப்பேழை’ ஆக்கச் சொல்லி யாரும் வர வேண்டாம். கேசட் கேசட்டாகவே இருக்கட்டும்.

மன்னார்குடியிலிருந்து

*

அண்ணே, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, ‘படியெடு’ என்பதைக் காப்பி எடுப்பதற்குச் சிலர் ஏற்கெனவே மெனுவில் வைத்திருக்கிறார்கள். ‘நிறைபடி’யைப் பார்த்தவுடன் முழுவதையும் காப்பி எடுக்கிற பொத்தானோ என்று தோன்றலாம். இது பெரிய தடை இல்லை, பத்தித் தலைப்பில் வருவதால் சூழல் காப்பாற்றிவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் இதை ஆம், இல்லை என்று டிக் அடிக்கிற பத்தியாகவே வைத்திருக்கிறீர்கள். என்னிடம் இருபது சொச்சம் பிளேஸ்டேஷன் 2 சிடி இருக்கிறது. பெரும்பாலும் பெட்டி உண்டு, கையேடு இல்லை. கடல் காற்றில் ஈரம் ஏறி இராமபாணம் அரித்துவிட்டது, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தோடு போயிற்று. இதற்கெல்லாம் குறைபடி என்று ஒரே பெயர் வைத்தால், எது குறை என்று பார்க்க மறுபடி பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்காமல் தெரிந்துகொள்ளத்தானே பட்டியல்? டெல்லிகோவில் பத்தியைத் தேர்வுப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம். அதில் நான்கைந்து சொல் வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனி மூச்சில் சொல்லக்கூடியதாக.

நாகப்பட்டினத்திலிருந்து

*

தம்பிகளுக்கு,

வீடியோ கேம் எனக்குத் தெரியாது, பேரப்பிள்ளை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு சரி. ஆனால் நீங்கள் முட்டிக்கொள்வது எனக்குப் பழக்கமான சுவர். ஓலைச்சுவடிகளுக்கு விவரம் எழுதுகிற வேலையில் பல வருஷம் தஞ்சையில் கழித்தவன் நான். ஒரு சுவடியைக் கையில் எடுத்ததும் நாங்கள் குறிப்பது, முழுமையா குறையா என்பது. அதோடு நிறுத்தினால் பயனில்லை, எங்கே குறை என்று எழுத வேண்டும். இலக்கணத்தில் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று படித்திருப்பீர்கள், ஒரு சொல்லில் எந்த இடத்தில் எழுத்து போயிற்று என்பதைப் பெயரே சொல்லிவிடும். அதே அச்சில் வார்த்துக்கொள்ளுங்களேன்: பெட்டி இல்லையென்றால் பெட்டிக்குறை, கையேடு இல்லையென்றால் ஏட்டுக்குறை. இரண்டும் இல்லாததற்கு மன்னார்குடித் தம்பி சொன்ன மொட்டை சரியாகத்தான் இருக்கிறது. பிரிக்காத புதுச்சரக்குக்குப் ‘பிரிக்காதது’ என்றே எழுதுங்கள், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

‘படி’யை நான் வழிமொழிகிறேன், காரணம் நெல் அல்ல. 1998-இல் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையில் படைப்பு, அதன் வெளிப்பாடு, அதன் வெளியீடு, கையில் இருக்கும் தனிப் படி என்று நான்கு அடுக்காகப் பிரித்தார்கள். பார்கோடு பற்றித் தம்பி சொன்னது மூன்றாம் அடுக்குக்கும் நான்காம் அடுக்குக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான். பெட்டிக்குறையும் பூச்சி அரிப்பும் படிக்கு வருகிற நோய், படைப்புக்கு அல்ல. ‘ஆடி முடித்தது’ இதில் எந்த அடுக்கிலும் சேராது, அது ஆடினவனைப் பற்றியது. அதைத் தனியே தள்ளி வையுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அந்தக் கான்ட்ராவைப் பற்றிப் பேரனிடம் கேட்டேன். ஐரோப்பாவில் அதே விளையாட்டைப் புரோபொடெக்டர் என்று பெயர் மாற்றி, மனிதர்கள் இருந்த இடத்தில் ரோபோக்களைப் போட்டு விற்றார்களாமே? அதற்குப் ‘பாடபேதம்’ என்று ஒரு பத்தி வையுங்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டு அடிக்குறிப்பில் கொடுத்தது அதைத்தான். வட்டாரத்தையும் ஆண்டையும் தனித்தனிப் பத்தியாக வைத்தது சரியான காரியம். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பை 1933-இல் வெளியிட்டபோது இடத்தையும் காலத்தையும் இப்படித்தான் தனித்தனி முகமாக வைத்தார். நம் வாய்க்கால் தண்ணீர் குடித்தவர், தெரியாமலே அவர் வழியில் போயிருக்கிறீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து

*

ஐயா, ‘ஏட்டுக்குறை’யைப் பார்த்தவுடன் எழுந்து நின்றுவிட்டேன். நன்றி. தம்பிக்கும் நன்றி, தேர்வுப் பட்டியலாகவே மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூத்தாநல்லூர் போய் முதல் பெட்டியை முடித்தோம். சிடிக்களுக்கு எல்லாச் சொல்லும் கச்சிதமாகப் பொருந்தின, பையன் என்னைக் கேட்காமலே பதிந்துகொண்டு போனான். மாட்டிக்கொண்டது அடியில் கிடந்த 90-களின் கேசட்டுகளில். நின்டெண்டோ ஜப்பானில் விற்ற பேமிகாம் இயந்திரத்தின் கேசட்டுக்கு 60 முள் (இணைப்புப் பின்), அதன் அமெரிக்க வடிவமான நெஸ்ஸுக்கு 72 முள். நம் ஊரில் ஓடிய டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் அந்த 60 முள்ளின் நகல்கள். அவற்றின் கேசட்டில் பார்கோடும் கிடையாது, கம்பெனிப் பெயரும் கிடையாது. ‘9999 இன் 1’ என்று ஒட்டியிருக்கும், போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டே திரும்பத் திரும்ப வரும், நடுக் கட்டத்திலிருந்து தொடங்கினால் அதற்கு ஒரு புது எண். பெயர்ப் பத்திக்கு எண்ணை அப்படியே எழுதி, உள்ளே உண்மையில் இருக்கும் விளையாட்டுகளைக் குறிப்பில் வரிசையாகக் கொடுத்துவிட்டோம், அதற்கு மட்டும் ஒரு மதியம் போயிற்று.

‘முழுமை’க்குப் பதிலாக வைத்த நிலைப் பத்தியில்தான் கை நின்றது. மொட்டை என்று போடப் போனேன். பையன் தடுத்தான். ‘இது கடையில வாங்கும்போதே இப்படித்தானே மாமா இருந்துச்சு, இதுல என்ன குறை?’ யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது நியாயம். பெட்டியை இழந்ததற்குத்தான் மொட்டை, பெட்டியே இல்லாமல் விற்றதற்கு எப்படி அந்தப் பெயர் வைப்பது? அது ஒருவகையில் நிறைபடிதான், ஆனால் அப்படிப் போட்டால் பெட்டியைத் தேடி யாராவது பரணை உருட்டுவார்கள். கடைசியில் அவனே ஒன்று சொன்னான்: ‘வந்தபடி’.

ஆக இப்போது ஆறு: பிரிக்காதது, நிறைபடி, பெட்டிக்குறை, ஏட்டுக்குறை, மொட்டை, வந்தபடி. ‘வந்தபடி’யில் இருக்கும் படி வேறு படி என்று ஐயா திட்டுவார்கள் என்று தெரியும், இருந்தாலும் பையன் ஆக்கிய சொல் என்பதால் துணிந்து அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்குள் எழுதுங்கள், இரண்டாவது பெட்டியை அன்றுதான் இறக்கப் போகிறோம்.

மன்னார்குடியிலிருந்து