40 மணி நேரத்தில் அவசர அழைப்பு எடுக்கக் கற்றுவிடலாமாம்!

மூன்றாம்ஷிப்ட்:
வேலைவாய்ப்புப் பகுதியில் கணக்குப்புலி எழுதியதைப் பார்த்த எரிச்சலில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அவருடைய வாக்கியங்களை அப்படியே தருகிறேன்: "அவசர அழைப்பு எடுக்கும் வேலைக்கு 40 மணி நேர வகுப்பு போதும். திரையில் கேள்வி வரும், பார்த்துப் படித்தால் முடிந்தது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம்." இதற்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம் வேறு. வகுப்பு முடித்து வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பழக்கிவிடுவது என் வேலை. முதல் அழைப்பில் எதிர்முனையில் ஒருவர் அலறியதும் பாதிப் பேருக்குக் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிடும். ஓர் எழுத்து விழாது. அப்போது உங்கள் 40 எங்கே போகும் ஐயா?

கணக்குப்புலி:
நான் எழுதியதில் எது பொய்? அமெரிக்காவில் அவசரத் தொடர்புப் பணியாளர்களுக்கான ஆப்கோ அமைப்பின் அடிப்படைப் பாடத்திட்டம் 40 மணி நேரம். நானாகச் சொல்லவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் எண் மாறிவிடாது.

மூன்றாம்ஷிப்ட்:
அதே நாட்டில் கலிபோர்னியாவில் அடிப்படை வகுப்பே குறைந்தது 120 மணி நேரம். புளோரிடாவில் 232. இதெல்லாம் கண்ணில் படவில்லையா? வகுப்புக்குப் பிறகு தனியாக விடுவதற்கு முன் பயிற்சியாளரோடு மாதக்கணக்கில் உட்கார வைக்கிறார்களே, அது எந்தக் கணக்கில் வருகிறது?

கணக்குப்புலி:
ஆக, 40 என்று ஒன்று இருக்கிறது. ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

மூன்றாம்ஷிப்ட்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை!

புதுவரவு:
அக்கா, ஒரு சந்தேகம். அடுத்த வாரம் எனக்குத் தட்டச்சுத் தேர்வு இருக்கிறது. காதில் கேட்டுக்கொண்டே முகவரியை அடிக்கச் சொல்வார்களாம். வேகம் முக்கியமா, பிழையில்லாமல் அடிப்பதா?

கணக்குப்புலி:
இன்னொன்று. அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டிலேயே இந்தப் பணி அலுவலக, நிர்வாக உதவிப் பணிகளுக்குள்தான் வருகிறது. தீயணைப்பு வீரர்களோடு சேர்க்கவில்லை. எழுத்தர் வேலைக்கு 40 மணி நேரம் தாராளம்.

மூன்றாம்ஷிப்ட்:
வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன். அந்த வகைப்பாட்டை மாற்றச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் எத்தனை காலமாகப் போராடுகிறார்கள் தெரியுமா? குறையையே சான்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

எழுத்தர் வேலை என்றால் இதைக் கேளுங்கள். "அப்பா விழுந்துவிட்டார், பேச்சு மூச்சு இல்லை" என்று ஒரு பெண் கூப்பிடுகிறார். நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. நினைவு இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டாவதற்கு அந்தப் பெண், "விடுகிறார், குறட்டை மாதிரி சத்தம் வருகிறது" என்கிறார். 40 மணி நேரக்காரர் 'மூச்சு உண்டு' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிடங்கள் அப்படி விட்டுவிட்டு இழுக்கும். அது மூச்சு இல்லை. அதைக் காதாலேயே பிடித்து, "மார்புக்கு நடுவில் கை வையுங்கள், 5 சென்டிமீட்டர் உள்ளே போக அழுத்துங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்" என்று நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை எண்ண வேண்டும், வண்டி வாசலுக்கு வரும்வரை. எதிர்முனையில் அழுகை. "என்னால் முடியாது" என்பார். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தினால் அவர் போனை வைத்துவிடுவார்.

கணக்குப்புலி:
நீங்கள் சொன்ன அத்தனையும், என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதிய அட்டையில் இருக்கிறது. அந்த அட்டை முறையை 1970-களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் உருவாக்கினார். யார் எடுத்தாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? அட்டையின் பலமே அது. படித்தால் போதும். எனவே 40.

மூன்றாம்ஷிப்ட்:
அந்த மருத்துவ அட்டையைப் பழகுவதற்குச் சான்றிதழ் வகுப்பே தனியாக மூன்று நாள், 24 மணி நேரம். உங்கள் 40-இல் அது சேர்த்தி இல்லை.

கணக்குப்புலி:
24 என்பது 40-ஐ விடக் குறைவு. இன்னும் ஏதாவது?

மூன்றாம்ஷிப்ட்:
கூட்டத் தெரியுமா தம்பி?

கணக்குப்புலி:
தம்பி என்று கூப்பிடுகிற வேலை வேண்டாம். வாதம் தீர்ந்தவர்கள்தான் வயதைக் காட்டுவார்கள்.

வெள்ளைச்சட்டை:
ஆம்புலன்சில் பணிபுரிகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 40 ஆனாலும் 232 ஆனாலும் எங்களுக்கு வருகிற முகவரி என்னவோ தப்பாகத்தான் வருகிறது. போன மாதம் இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடியது நாங்கள். ஏசி அறையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மூன்றாம்ஷிப்ட்:
வந்துவிட்டாரா! எந்த இழையில் நான் எழுதினாலும் வெள்ளைச்சட்டை இதே முகவரிக் கதையோடு வந்துவிடுவார். கைபேசியில் பேசுகிறவரின் இடம் திரையில் புள்ளியாக விழும் என்று நினைக்கிறீர்களா? சில நேரம் டவர் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கிடைக்கும். அதனால்தான் பழகியவர்கள் "என்ன ஆச்சு" என்பதற்கு முன்னால் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்கிறார்கள். பாதியில் லைன் போனாலும் வண்டி கிளம்பிவிடும். உங்களுக்குத் தப்பான முகவரி தந்தவர் 40 மணி நேரக்காரராக இருப்பார்.

கணக்குப்புலி:
ஆதாரம்? அவர் 232 மணி நேரம் படித்தவராக இருந்தால்?

புதுவரவு:
தட்டச்சு பற்றிக் கேட்டிருந்தேனே அக்கா…

வெள்ளைச்சட்டை:
கேட்டார்களோ கேட்கவில்லையோ, அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மூன்றாம்ஷிப்ட்:
அன்றைய ஒலிப்பதிவைக் கேட்டீர்களா? கூப்பிட்டவரே தெருப் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கலாமே! பதிவைக் கேட்காமல் எங்கள் மேல் பழி போடுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

கணக்குப்புலி:
இழையின் தலைப்பு 40 மணி நேரம். வாசல் இல்லை. 40 போதாது என்பதற்கு இதுவரை ஒருவரும் ஒரு ஆதாரமும் தரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மூன்றாம்ஷிப்ட்:
120, 232 எல்லாம் எழுதினேனே, மேலே போய்ப் படியுங்கள். அதைப் படிக்கவும் வகுப்பு வேண்டுமா?

வெள்ளைச்சட்டை:
பதிவைக் கேட்டேன். கூப்பிட்டவர் தெருப் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம்ஷிப்ட்:
எந்தப் பதிவு? வண்டிக்கு வந்த ரேடியோ பதிவா, முதலில் எடுத்த அழைப்பா? இரண்டும் வேறு வேறு. எதைக் கேட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.