பட்டியலில் வெறும் வயதுகள்

நியூஜெர்சியிலிருந்து:

எனக்கு 58 வயது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் 18 ஆண்டுகள் இருந்தேன். புதிதாக வந்த மேலாளருக்கு என் மகன் வயது. “எப்போது ஓய்வு பெற உத்தேசம்?” என்று இரண்டு முறை கேட்டார், சிரித்து மழுப்பினேன். மூன்றாவது முறை, எல்லோர் முன்னாலும் கேட்டபோது, மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் எழுதினேன். “இதை என் வயதை முன்னிட்ட பாகுபாடாகக் கருதுகிறேன்” என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவள் மனைவி. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. பின்னாளில் வக்கீல் முதலில் தேடியது அந்த வரியைத்தான். ‘மரியாதையில்லாமல் பேசுகிறார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வெறும் மனத்தாங்கலாகப் போயிருக்கும். புகார் சொன்னதற்காகவே தண்டித்தார்கள் என்ற பழிவாங்கல் புகாருக்கு உதவியிருக்காது.

மின்னஞ்சல் அனுப்பிய ஐந்தாவது வாரம் என் வேலையில் குறை கண்டுபிடித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 18 ஆண்டுகளில் அதுவே முதல். அடுத்து ஆட்குறைப்பு.

இங்கே 40 வயதை எட்டியவர்களைக் கூட்டமாக நீக்கி, வயது வழக்கு தொடரமாட்டேன் என்று கையெழுத்து வாங்க வேண்டுமானால், யோசிக்க 45 நாள் தர வேண்டும். நீக்கப்பட்டவர், தப்பியவர் எல்லோருடைய பதவியையும் வயதையும் பட்டியலிட்டுத் தர வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டம். பெயர் இருக்காது, எண்தான். 61, 58, 57, 54 ஒரு பக்கம். 29, 31, 33 மறுபக்கம். அந்த 61 யாரென்று எனக்குத் தெரியும். போன மாதம்தான் பேரன் பிறந்ததற்கு இனிப்புக் கொடுத்தார்.

300 நாள் கெடுவுக்குள் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தேன். வயதுதான் காரணம் என்று நிரூபிப்பது கடினம் என்றார் வக்கீல். பழிவாங்கலுக்கு நாட்காட்டியே சாட்சி சொன்னது. சமரசமாயிற்று. தொகையைச் சொல்லக் கூடாதாம். வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை என்று சொல்லத் தடையில்லை.

டெக்சாஸிலிருந்து:

என்னை வேலையிலிருந்து தனியாளாக அனுப்பினார்கள். யோசிக்க 21 நாள் இருந்தும், வழக்கு தொடரமாட்டேன் என்று அன்றே கையெழுத்திட்டேன். போட்ட கையெழுத்தை 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம் என்று காகிதத்திலேயே இருந்தது. நான் அதைப் படித்தது பதினோராம் நாள்.

அம்பத்தூரிலிருந்து:

தனியார் துறையில் வயதுப் பாகுபாட்டுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. 2011இல் என்னை அனுப்பியபோது, அன்றிருந்த தொழில் தகராறு சட்டத்தைக் காட்டினேன்: ஆட்குறைப்பென்றால் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். “அது தொழிலாளிக்கு, நீங்கள் சூப்பர்வைசர்” என்றார்கள். முந்தைய ஆண்டு அந்தப் பதவியை மாலை போட்டுக் கொடுத்தவர்களும் அவர்களே.