பொருள்: நுரைச்சுவருக்குக் கனமா, தடிமனா? (வெள்ளிக்குள் வேண்டும்)

மிச்சிகனிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி மலருக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு படுக்கை வண்டி ஒன்றை நுரைப்பலகையால் வீட்டிலேயே கட்டி வருகிறேன். தண்ணீர் கலந்த மரப்பசையால் பலகைமேல் கித்தான் துணியை ஒட்டி வண்ணம் பூசினால் சுவர் ஆயிற்று. எத்தனை அங்குலப் பலகை வாங்குவது என்பதைத்தான் எழுதுகிறேன். "2 அங்குலக் கனமுள்ள சுவர் கனமாக இருக்காது" என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. என் மகளே சிரித்துவிட்டாள். வேறு சொல் தாருங்கள்.

சேலத்திலிருந்து:
தடிமன். பாடநூலில் இருக்கிறது. இதற்கு ஒரு விவாத இழையா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் ஊரில் தடிமன் வந்தால் மூக்கு ஒழுகும். உங்கள் சுவருக்குக் கொத்தமல்லி அவித்துத்தான் கொடுக்க வேண்டும். இங்கே பாடநூல்களில் தடிப்பு, பேச்சில் மொத்தம்.

சேலத்திலிருந்து:
தடிப்பு எங்களுக்குத் தோலில் வருவது. மொத்தம் இன்னும் மோசம். "சுவர்களின் மொத்தம் 2 அங்குலம்" என்று படிப்பவர் நான்கு சுவரையும் கூட்டி, ஒன்றுக்கு அரை அங்குலம் என்று வெட்டிவிடுவார்.

மதுரையிலிருந்து:
ஐயா, வேருக்குப் போவோம். தட, கய, நளி மூன்றுக்கும் பெருமை என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். தடிமன் இந்தத் தட வழி வந்தது என்பது என் துணிபு. கயவைக் கயவன் கெடுத்துவிட்டான். மிஞ்சியது நளி. "சுவர் நளி 2 அங்குலம்" எவ்வளவு அழகு! உங்கள் வண்டியைப் பற்றிப் படித்ததும் அந்நாளைய உப்பு வணிகரான உமணர் நினைவு வந்தது. புறநானூறு 102இல் ஔவையார் உப்பு வண்டியின் அடிமரத்தில், முறிந்தால் மாற்றுவதற்கென்று கட்டிய சேம அச்சைச் சொல்கிறார். உங்கள் வண்டியில் சேம அச்சு உண்டா?

மிச்சிகனிலிருந்து:
அச்சு இல்லை ஐயா, சேமச் சக்கரம் ஒன்று உண்டு. நளிக்குச் செறிவு என்றும் அதே உரியியல் சொல்கிறதே! இந்தப் பலகையில் பெரும்பகுதி காற்று. 4க்கு 8 அடிப் பலகையில் ஓர் அங்குலம் கூட்டினால் சுமார் 2 கிலோதான் ஏறும். ஆனால் இருபுறமும் துணி நன்றாக ஒட்டிய சுவரின் விறைப்பு, எந்தச் சொல்லைத் தேடுகிறோமோ அதன் வர்க்கத்தை ஒட்டி ஏறும்: 1 அங்குலத்தை 2 ஆக்கினால் ஏறக்குறைய நான்கு மடங்கு. குளிர் தடுப்பதும் இரட்டிப்பாகும். இழப்பது இடம். வெளி அகலம் 48 அங்குலம். இரு பக்கமும் 2 போனால் உள்ளே 44. இருவர் முதுகோடு முதுகாகத்தான் படுக்க வேண்டும். ஆகவே பக்கச் சுவருக்கு ஒன்றரை, கூரைக்கு 2 என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டி முடிவாகிவிட்டது, சொல்தான் முடிவாகவில்லை.

கோவையிலிருந்து:
எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மரவேலை. தச்சர் "முக்கால் அங்குலக் கனம்" என்பார். எடையென்று எவரும் மயங்கியதில்லை. கொத்தனாருக்குச் சொல்லே தேவையில்லை: ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர். அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து:
தொழிலாளி பேச்சு வேறு, கலைச்சொல் வேறு. கனசதுரம், கன அளவு, கனரக வாகனம் என்று கனம் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
தொழிலாளிக்கு விளங்காத கலைச்சொல் யாருக்கு, அண்ணா?

மிச்சிகனிலிருந்து:
இன்று வியாழன் இரவு. கட்டுரைக்குள் எல்லா இடத்திலும் கொத்தனார் வழியில் "2 அங்குலச் சுவர்" என்றே எழுதிவிட்டேன். அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல் இல்லாமல் தீரவில்லை; தடிமன் என்று போட்டு, அடியில் "இலங்கை வழக்கில் தடிப்பு" என்று சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். படுக்கை வண்டி என்று நீங்கள் எழுதியதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை; அது மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்வது அல்லவா? தனி இழை தொடங்குகிறேன்.