ஓய்விடப் பக்கங்களின் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது: வேர்ட்பிரஸ் உதவி தேவை

குன்னூர்வாசி:
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் வண்டி நிறுத்தி இளைப்பாறும் இடங்களுக்கு, இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தனித்தனிப் பக்கம் போடுகிறோம். ‘ஓய்விடங்கள்’ என்ற தாய்ப்பக்கத்தின் கீழ் கல்லாறு, பர்லியார், காட்டேரி மூன்றையும் ஏற்றியாச்சு. தலைப்பெல்லாம் ‘மேட்டுப்பாளையம் குன்னூர் சாலை கல்லாறு ஓய்விடம்’ என்கிற மாதிரி. முகவரியில் மட்டும் இடத்தின் பெயரே வரவில்லை. முதல் பக்கம் ‘மேட்டுப்பாளையம்-குன்னூர’ என்று புள்ளி இல்லாமல் நிற்கிறது. அடுத்தது ‘மேட்டுப்பாளையம்-குன்னூ-2’. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமை மாற்றியும் அப்படியேதான். பட்டியலிலும் பர்லியாருக்கு முன்னால் காட்டேரி வருகிறது. என்ன செய்யலாம்?

தேயிலைச்சரிவு:
தீமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைங்க. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் ஸ்லக்கை, அதாவது முகவரியில் அந்தப் பக்கத்துக்கே உரிய கடைசிப் பகுதியை, 200 இடங்களுக்குள்தான் சேமிக்கும். தமிழ் எழுத்து அங்கே % குறியோடு வரும் ஆங்கில எழுத்து, எண் கோவையாக மாறிப் போகிறது. ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் (கணினி ஒரு எழுத்தைப் பிரித்து வைக்கும் துண்டு) 9 இடம். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு, அதனால் ‘கு’ என்ற ஒரே எழுத்துக்கு 18.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேட்டுப்பாளையம்’ 15 குறி, 135 இடம். இடைக்கோடு 1. ‘குன்னூர்’ 8 குறி, 72. மொத்தம் 208. கடைசிப் புள்ளிக்கு இடமில்லாமல் 199-இல் நின்றுவிட்டது. இரண்டாவது பக்கத்துக்கும் அதே ஸ்லக் வந்ததால் ‘-2’ ஒட்ட இரண்டு இடம் வேண்டும்; ‘ர’வும் போயிற்று.

தலைப்பைத் தொடாதீர்கள். வலப்பக்கப் பட்டையில் ஸ்லக் பெட்டியைத் திறந்து ‘கல்லாறு’ என்று மட்டும் போடுங்கள், 63 இடம்தான் பிடிக்கும். சாலைப் பெயரைத் தாய்ப்பக்கம் சொல்லிக்கொள்ளட்டும்.

வரிசைக்கு, அதே பட்டையில் உள்ள ‘ஆர்டர்’ பெட்டியில் மேட்டுப்பாளையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பத்தால் பெருக்கிப் போடுங்கள். அது முழு எண்ணை மட்டுமே ஏற்கும். பக்கங்களைப் பட்டியலிடும் பேஜ் லிஸ்ட் பிளாக் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கும். எல்லாமே 0 ஆக இருந்ததால்தான் அகர வரிசை.

குன்னூர்வாசி:
கணக்கு சரியாக வருகிறது, நன்றிங்க. கல்லாறு பக்கத்தின் க்யூஆர் கோடு ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஸ்லக்கை மாற்றினால் பழையது திறக்குமா?

தேயிலைச்சரிவு:
நம்பி விடாதீர்கள். போஸ்ட் (வலைப்பதிவு இடுகை) என்றால் பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸே நினைவில் வைத்துத் திருப்பிவிடும். நீங்கள் போட்டிருக்கும் பேஜ் வகைக்கு அந்த வசதி இல்லை. பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்‌ஷன் பிளகினில் (கூடுதல் செருகி), உலாவியிலிருந்து நகலெடுத்த பழைய முகவரியை அப்படியே ஒட்டி 301 (நிரந்தரத் திருப்பம்) போடுங்கள். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அடுத்த அச்சுக்குக் குறுகிய முகவரியே நல்லது. நீளமான முகவரியில் க்யூஆர் கட்டங்கள் பொடியாகிவிடும், தூரத்திலிருந்து ஸ்கேன் ஆகாது.

கல்லட்டிவளைவு:
வரைபடக் குறியையும் பார்த்துவிடுங்கள். இந்தப் பாதையில் அட்சரேகை 11 சொச்சம், தீர்க்கரேகை 76 சொச்சம். வரைபட இடங்களைச் சேமிக்கும் ஜியோஜேசான் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், கூகுள் மேப்பில் நகலெடுத்தால் அட்சரேகை முதலில் வரும். மாறிப்போனால் குறி ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்பதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். தாண்டிப் போனவர் வளைவில் வண்டியைத் திருப்பக் கூடாது. கோடை சீசனில் ஏறக் குன்னூர், இறங்கக் கோத்தகிரி என்று ஒருவழி ஆக்கும் நாட்களில், இறங்குகிறவர் இந்த இடங்களுக்கு வரவே முடியாது. அந்தக் குறிப்பும் மேலேயே இருக்கட்டும். சிக்னல் விட்டு விட்டு வரும் பாதை, அதனால் கழிப்பறை, குடிநீர் விவரம் எழுத்தாக முதலில், படமும் வரைபடமும் அதற்குக் கீழே.