கடலோர மனையில் வீடு கட்டலாமா?

உப்புக்காற்று: புதுச்சேரிக்கு வடக்கே குப்பத்தை ஒட்டி மாமாவுக்கு நாலு சென்ட் இருக்கிறது. கடல் மட்டம் ஏறுகிறது என்கிறார்களே, கட்டலாமா?

கட்டுமரம்: மட்டம் மெதுவாகத்தான் ஏறும் தம்பி, அங்கே கரையைத் தின்றது முக்கியமாக 1980களின் கடைசியில் கட்டிய துறைமுக அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கிவிடும், வடக்கே வராது. கல் கொட்டினாலும் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

வரைபடக்காரன்: 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் பாருங்கள். கிராமப்புறம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டர், மக்கள் நெருக்கம் அதிகமென்றால் 50 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி, அதாவது பொதுவாகப் புதிதாய்க் கட்டடம் கட்ட முடியாத இடம். கடல்மட்ட உயர்வையும் கணக்கிட்டுப் போட்ட ஆபத்துக் கோடு தனியாக இருக்கிறது, அது பேரிடர்த் திட்டத்துக்கு மட்டுமாம், கட்டட அனுமதிக்குக் கிடையாதாம். நல்ல கூத்து!

உப்புக்காற்று: கிணற்றுத் தண்ணீர் வேறு கரிக்கிறது அண்ணே.

கட்டுமரம்: அப்புறம் என்ன யோசனை? விற்கச் சொல்லுங்கள்.