அய்லீன் கிரேயைச் சுவரில் மாட்டிய அனுபவம்

டப்ளினிலிருந்து:

வாடகை வீட்டின் வரவேற்பறைக்கென நான் முதலில் வாங்கிய படம் அய்லீன் கிரேயின் உருவப்படம்தான். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் 1878-இல் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிசில் கழித்து, 1976-இல் 98 வயதில் அங்கேயே மறைந்த இந்த வடிவமைப்பாளரை, காலின்ஸ் பேரக்ஸில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திற்குள் நான் மழைக்கு ஒதுங்கிய நாள் வரை அறிந்ததில்லை. அங்கே அவருக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. குரோமியக் குழாய் மேசையைவிட என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, மரத்தின் பாலை எடுத்து அடுக்கடுக்காகப் பூசும் ஜப்பானிய மெருகு வேலை. செய்ஸோ சுகவாரா என்ற கைவினைஞரிடம் பாரிசில் பல ஆண்டுகள் அதைக் கற்று, அந்தப் பால் பட்டுக் கைத்தோல் வெந்த பிறகும் விடாமல் செய்தவர் அவர்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் சட்டமிட்ட அச்சுப்படத்திற்குச் சொல்லி வைத்தேன். நான் பார்த்த அச்சுகளில் பெரும்பாலானவை, புகைப்படக் கலைஞர் பெரனிஸ் ஆபட் 1926-இல் பாரிசில் எடுத்த பக்கவாட்டுப் படத்தையே மூலமாகக் கொண்டவை: ஒட்ட வெட்டிய குட்டை முடி, நம்மைத் தவிர்த்து வேறெங்கோ போகும் பார்வை. எனக்கு வந்து சேர்ந்ததோ, அந்தக் கறுப்பு வெள்ளை முகத்திற்கு ரோஜா நிறம் ஏற்றி, உதட்டுக்குச் சாயம் பூசி, கீழே ஒரு சாய்வு நாற்காலியையும் வரைந்து வைத்திருந்த படம். அந்த நாற்காலி அவருடையதே அன்று. சார்லட் பெரியாண்டு, லெ கார்பூசியே, பியர் ஜான்னரே என்ற கட்டடக் கலைஞர்கள் மூவரும் சேர்ந்து 1928-இல் வடிவமைத்தது. தென்பிரான்சில் அவர் கட்டிய இ-1027 வீட்டையே நெடுங்காலம் பிறர் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது தெரிந்த எனக்கு, அவரைப் போற்றும் படத்திலும் அதே தவறு நேர்ந்தது சிரிப்பையும் எரிச்சலையும் ஒருங்கே வரவழைத்தது. திருப்பி அனுப்பிவிட்டு, பளபளப்பில்லாத தாளில் வெறும் கறுப்பு வெள்ளை அச்சு ஒன்றை வாங்கினேன்.

அடுத்த சோதனை சுவரிலிருந்து வந்தது. வடக்குப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டிய படம், ஒரு குளிர்காலம் கழிவதற்குள் கீழ்ப்பாதியில் அலையலையாக நெளிந்து, தாடையருகே தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. சட்டக் கடைக்காரர் பின்பலகையின் ஆணிகளைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அச்சின் பின்புறம் முழுவதும் ஒட்டுநாடா. இடைவெளி தரும் மவுண்ட் அட்டை இல்லாமல் தாளைக் கண்ணாடிமேல் அப்படியே வைத்து மூடியிருந்தார்கள். கிரேயின் மெருகுப் பூச்சு ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால் அதற்கென்றே ஈரப்பதமான அறை வைப்பார்களாம். அவருடைய படத்தை அழித்ததும் அதே ஈரம்தான். புதிய அச்சை அமிலமற்ற அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றுகளால் தொங்கவிட்டு, சட்டத்தின் பின்மூலைகளில் சிறு பஞ்சுத் திண்டுகள் ஒட்டிக் கொடுத்தார். அந்தத் திண்டுகளின் பயன் சுவருக்கும் படத்திற்கும் நடுவே காற்று போவது.

நீஸ் நகரிலிருந்து:

உங்கள் பகிர்வைப் படித்தேன், ஐயா. அச்சைப் பற்றி நீங்கள் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். முகத்தை மாட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு குறைவு. 1922-இல் பாரிசில் கடை திறந்தபோது அதற்கு ஜான் டெசேர் என்று ஓர் ஆண் பெயரைச் சூட்டியவர் அவர். வீட்டின் பெயரில்கூடத் தம்மை எண்ணாக்கிக்கொண்டார்: ‘இ’ அய்லீன், 10 ஜான், 2 படோவிசி, 7 கிரே; பெயர்களின் முதலெழுத்து ஆங்கில அகர வரிசையில் எத்தனையாவது என்ற கணக்கு. அவருடைய காதலரும் கட்டடக் கலைஞருமான ஜான் படோவிசியின் இரண்டு எழுத்துகளைத் தம் எழுத்துகள் இரண்டும் அணைத்து நிற்கும்படி வைத்ததை மட்டும் நான் இரகசியம் என்று சொல்லமாட்டேன்.

ரோக்ப்ரூன்-கப்-மார்த்தானில் அந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். இரயில் நிலையத்திலிருந்து கடலோரப் பாதையில் நடந்தால் பாறைமேல் வெள்ளையாக நிற்கிறது; 1929-இல் முடிந்த கட்டடம். உள்ளே என்னை முதலில் தாக்கியது, 1938-39இல் லெ கார்பூசியே அவரிடம் கேட்காமலேயே தீட்டிய சுவரோவியங்கள். வெறுமையாக இருக்கட்டும் என்று அவர் விட்ட சுவர்கள் அவை. வீடு திரும்பி எதை மாட்டலாம் என்று யோசித்தபோது அந்தச் சுவர்களே நினைவுக்கு வந்ததால், முகமில்லாத அச்சு ஒன்றை, அதே எண்ணைப் பெயராகக் கொண்ட உயரம் மாற்றக்கூடிய வட்ட மேசையின் கோட்டோவியத்தை, வாங்கினேன். கண்ணாடியும் போடவில்லை, கடற்காற்றின் உப்பு அதைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

டப்ளினிலிருந்து:

அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானதே. என்றாலும், அவருடைய டிராகன் நாற்காலி 2009-இல் பாரிஸ் ஏலத்தில் சுமார் 2.2 கோடி யூரோவுக்குப் போனதைச் சொன்னால் என் விருந்தினர்கள் விலையை வியக்கிறார்களே தவிர ஆளைக் கேட்பதில்லை. சுவரில் இருக்கும் முகத்தைப் பார்த்தால் ‘யார் இவர்?’ என்று கேட்கிறார்கள். சென்ற வாரம் காணொளி அழைப்பில் என் தாயார், ‘வீட்டுக்காரம்மா படத்தை ஏன்டா மாட்டி வைத்திருக்கிறாய்?’ என்றார். அரை மணி நேரம் பேசினோம். படம் இப்போது உட்சுவரில், சன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கழற்றிப் பின்புறத்தை முகர்ந்து பார்க்கிறேன்.